சாறு குடிக்கும் பூச்சியும் அதன் உடம்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியாவும்: வாசகர் கேள்வி-பதில்

அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, புகையான் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பூச்சியை மட்டும் பார்த்தால் பாதிதான் விளங்கும், அதன் உடம்புக்குள் இருக்கும் நுண்ணுயிரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல கேள்விகளுக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: தென்னை ஓலையின் அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுருள் கோலம் போட்டதுபோல் பூச்சி இருக்கிறது. கீழே இருக்கும் வாழை, கோகோ இலையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, பிறகு கறுத்துப்போகிறது. பூச்சி ஏன் இவ்வளவு சர்க்கரையை வீணாக்குகிறது? என்ன செய்வது? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: நீங்கள் சொல்வது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. இந்தியாவில் முதன்முதலில் 2016இல் உங்கள் பொள்ளாச்சிப் பகுதியில்தான் பதிவானது.

செடிக்குள் இரண்டு குழாய்கள் உண்டு. வேரிலிருந்து தண்ணீரும் உப்பும் ஏறுவது சைலம். இலையில் சமைத்த சர்க்கரை மற்ற பாகங்களுக்குப் போவது புளோயம். வெள்ளை ஈ ஊசிபோன்ற வாயைச் செருகுவது புளோயத்தில். அங்கே சர்க்கரை அளவுக்கு மீறிக் கிடக்கிறது, உடம்பு வளரத் தேவையான அமினோ அமிலங்களோ சொற்பம். அந்தச் சொற்பத்தைச் சேர்க்கப் பூச்சி ஓயாமல் குடிக்க வேண்டியிருக்கிறது, மிஞ்சிய சர்க்கரையைப் பின்வழியாகத் தள்ள வேண்டியிருக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. இவ்வளவு அடர்த்தியான சர்க்கரை வயிற்றில் தங்கினால் உடம்பிலுள்ள நீரையே உள்ளே இழுத்துவிடும். அதனால் சிறு சர்க்கரை மூலக்கூறுகளைக் குடலிலேயே நீளச் சங்கிலியாகக் கோத்து வெளியேற்றுகிறது. வாழை இலையில் நீங்கள் தொட்டுப் பார்க்கும் பிசுபிசுப்பு அதுதான்.

இவ்வளவு குடித்தும் விலங்குகள் தாமே தயாரிக்க முடியாத பத்து அமினோ அமிலங்கள் போதுமான அளவு கிடைப்பதில்லை. அந்தக் குறையை நிரப்புவது வெள்ளை ஈயின் உடம்புக்குள் வாழும் போர்ட்டியெரா என்ற பாக்டீரியா. அதற்கென்றே தனிச் செல்கள் இருக்கின்றன, பாக்டீரியோசைட் என்று பெயர். நம் வயல்களில் பருத்தியிலும் கத்தரியிலும் காணும் சாதாரண வெள்ளை ஈயில், தாய் முட்டையிடும்போது அப்படிப்பட்ட ஒரு செல்லையே முழுதாக முட்டைக்குள் அனுப்பிவிடுகிறது. பிள்ளைக்குச் சீதனம் கொடுத்தனுப்புவது போலத்தான். உலகமெங்கும் சுமார் 1,500 வகை வெள்ளை ஈக்கள் இருக்கின்றன, எல்லாம் இந்தக் கூட்டாளியை நம்பியே வாழ்கின்றன.

இனி தோட்டத்துக்கு வருவோம். இலை கறுப்பது பூச்சியால் அல்ல, அந்தச் சர்க்கரையில் வளரும் கரும்பூஞ்சாணத்தால். அது இலைக்குள் நுழைவதில்லை, மேலே படிந்து வெயிலை மறைக்கிறது. லிட்டருக்கு 25 கிராம் மைதா என்ற கணக்கில் முதலில் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவிட்டு, துணியில் வடிகட்டித் தெளியுங்கள். வடிகட்டாவிட்டால் தெளிப்பான் முனை அடைத்துக்கொள்ளும். நல்ல வெயில் நேரத்தில் தெளித்தால்தான் காய்ந்து ஏடுபோல் உரியும், பூஞ்சாணமும் அதோடு கழன்று விழும். மேகமூட்ட நாளில் தெளித்தால் கஞ்சி ஈரமாகவே கிடந்து பயனில்லாமல் போகும். மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி ஆறடி உயரத்தில், ஏக்கருக்கு எட்டுப் பத்து இடங்களில் கட்டுங்கள். தூசி படிந்தால் துடைத்து மறுபடி எண்ணெய் தடவ வேண்டும்.

பூச்சிமருந்து வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறோம். ஓலையின் அடியில் கைலென்ஸ் வைத்துப் பாருங்கள். வெள்ளை மெழுகுக்கு நடுவே கறுத்த கூட்டுப்புழுக்கள் தெரிந்தால், அவற்றுக்குள் என்கார்சியா குவாடலூப்பே என்ற குட்டிக் குளவி வளர்கிறது. மேலே வட்ட ஓட்டை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. கறுத்த கூடுள்ள ஓலைத் துண்டுகளை வெட்டி, குளவி இல்லாத மரங்களில் கட்டிவிடுங்கள். மருந்தடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான்.

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் அசுவினிக்குள் இருக்கும் பாக்டீரியாவை நாங்களே பார்க்க முடியுமா? (மாணவி, திருச்சி)

பதில்: முடியும். எருக்கஞ்செடியின் குருத்தில் கும்பலாக அப்பியிருக்கும் மஞ்சள் அசுவினியைத் தேர்ந்தெடுங்கள். கறுப்புக் கால், பின்பக்கம் இரண்டு கறுப்புக் குழாய், பளிச்சென்ற மஞ்சள் உடம்பு. எல்லாமே பெண், ஆணில்லாமலே குட்டி போடும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கையுறை போட்டுக்கொண்டு பறியுங்கள்.

இறக்கையில்லாத பெரிய அசுவினி ஒன்றை கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு 0.9 சதவீத உப்புக் கரைசலில் வையுங்கள். மருந்துக்கடை சலைனே போதும். இரண்டு மெல்லிய ஊசிகளில் ஒன்றால் நெஞ்சுப் பகுதியை அழுத்திக்கொண்டு, மற்றதால் வயிற்றைக் கிழித்துத் திறந்தால் உள்ளிருப்பது வெளியே வழியும். முதலில் கண்ணில் படுவது மணி கோத்ததுபோல் வரிசையாக இருக்கும் குட்டிகள். கொஞ்சம் வளர்ந்த குட்டிக்குச் சிவந்த கண்கூடத் தெரியும். நுண்ணோக்கியில் 100 மடங்கில் பார்க்கும்போது, பெரிய உருண்டைச் செல்கள் கொத்தாக மிதக்கும், உள்ளே பொடிப்பொடியாக நிரம்பியிருக்கும். அவைதான் பாக்டீரியோசைட்டுகள். மேலே கவர்ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து மெல்ல அழுத்தி 400 மடங்குக்குப் போங்கள். செல் உடைந்து, 3 மைக்ரான் அளவில் சிறு உருண்டைகள் ஆயிரக்கணக்கில் கொட்டும். அதுதான் அசுவினியின் பாக்டீரியா, புக்னெரா என்று பெயர்.

சோதனை தவறுவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். உப்புக் கரைசலுக்குப் பதிலாக வெறும் தண்ணீர் விட்டால் செல் நீரை உறிஞ்சி ஊதி வெடித்துவிடும். அடுத்து, கொழுப்புத் துளிகளைப் பார்த்து பாக்டீரியா என்று எண்ணிவிடுவது. கொழுப்புத் துளி பல அளவில் இருக்கும், விளிம்பு கண்ணாடிபோல் மின்னும். புக்னெரா கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும், மின்னாது.

இந்த உருண்டைகளை எந்த ஊட்டக் கூழிலும் தனியாக வளர்க்க முடியாது. 2000ஆம் ஆண்டில் இதன் மரபணுத் தொகுதியை ஜப்பானிய அறிவியலாளர்கள் முழுதாகப் படித்தபோது காரணம் தெரிந்தது. மொத்தம் சுமார் 6.4 லட்சம் டி.என்.ஏ எழுத்துகள்தான். நம் குடலிலிருக்கும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு 46 லட்சம். அசுவினிக்குத் தேவையான அமினோ அமிலம் செய்யும் மரபணுக்களை வைத்துக்கொண்டு, தனியே பிழைக்க வேண்டிய மரபணுக்களைத் தொலைத்துவிட்டது. தாய்வழியாகவே பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேலாகக் கைமாறி வந்த உறவு. தத்துப்பூச்சிகளில் இருக்கும் நாசுயா என்ற பாக்டீரியா இன்னும் சுருங்கி 1.12 லட்சம் எழுத்தில் வந்து நிற்கிறது.

கேள்வி: அவரைக்கொடியில் மார்கழி, தை மாதங்களில் கறுப்பு அசுவினி மொய்க்கிறது. சித்திரையில் தானாகக் குறைகிறது. குளவி தாக்கிய அசுவினி சில கொடிகளில் நிறைய, சிலவற்றில் ஒன்றுகூட இல்லை. ஏன்? (வாசகி, மதுரை)

பதில்: அசுவினி பொதுவாகக் குளிர்நாட்டுக் குடும்பம். அறியப்பட்ட சுமார் 5,000 வகைகளில் பெரும்பகுதி வடக்கின் மிதவெப்ப நாடுகளில்தான். வெள்ளை ஈக்கு நேரெதிர், அது வெப்பமண்டலத்தில் பெருகியது. இதற்குப் பல காரணங்கள் உண்டு, அவற்றில் ஒன்று உள்ளே இருக்கும் புக்னெரா சூடு தாங்காதது. பட்டாணி அசுவினியில் 2007இல் வெளியான ஆய்வில், புக்னெராவின் மரபணுத் தொகுதியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருந்தால்கூட, இளம்பருவத்தில் நான்கு மணி நேரம் 35 டிகிரியில் இருந்த அசுவினி பிறகு குட்டி போடவில்லை, அல்லது மிகக் குறைவாகப் போட்டது. அதே மாற்றம் உள்ளவை குளிரில் நன்றாகவே பெருகின. உங்கள் அவரையில் இருப்பது தட்டைப்பயறு அசுவினி, அது மற்றவற்றைவிட வெயில் தாங்கும். ஆனாலும் சித்திரையில் கொடி முற்றிச் சாறு வற்றுவதும் வெயிலும் சேர்ந்து அதைக் குறைத்துவிடுகின்றன.

குளவி விஷயத்தில் நீங்கள் கவனித்தது மிக நுட்பமானது. அசுவினிகளில் சிலவற்றுக்கு ஹாமில்டோனெல்லா என்ற இன்னொரு பாக்டீரியா கூடுதலாக இருக்கும். அதற்குள் ஒரு வைரஸ், அந்த வைரஸில் நச்சு செய்யும் மரபணு. குளவி முட்டையிட்டாலும் அதன் புழு வளராமல் செத்துவிடும். ஆனால் இந்தப் பாக்டீரியாவைச் சுமப்பதற்கு அசுவினி விலை கொடுக்கிறது, அதனால் எல்லா அசுவினியிலும் இருப்பதில்லை. உங்கள் கொடிகளுக்கிடையே தெரியும் வித்தியாசத்துக்கு இதுவும் ஒரு காரணமாகலாம், எறும்புக் காவலும் ஆகலாம். எறும்பு மொய்க்கும் கொடியில் குளவியால் இறங்கவே முடியாது.

ஆகவே குளவியை மட்டும் நம்பாதீர்கள். பொறிவண்டுக்கு இந்த நச்சு ஒரு பொருட்டல்ல, அசுவினியை அப்படியே தின்றுவிடும். பந்தல் கால்களில் கிரீஸ் தடவி எறும்பை நிறுத்துங்கள். காலையில் தண்ணீரை விசையாக அடித்துக் குருத்தைக் கழுவுங்கள், கீழே விழுந்ததில் பெரும்பாலானவை திரும்ப ஏறாது. தேவைப்பட்டால் 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் கட்டி இரவு முழுதும் அரை லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, பால்போல் வரும்வரை பிழிந்து, ஒரு லிட்டராக்கி, இரண்டு கிராம் காதி சோப்பு கரைத்துத் தெளியுங்கள். ஓராண்டுக்கு மேல் பழைய கொட்டையில் வீரியம் இருக்காது. மதிய வெயிலிலும் அடிக்கக்கூடாது, வேப்பங்கொட்டையில் பூச்சியை அடக்கும் பொருளான அசாடிராக்டின் வெயிலில் சிதைந்துவிடும். மாலை நான்கு மணிக்கு மேல் அடியுங்கள், கரைசலை அன்றே தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: பாக்டீரியாவை நம்பித்தான் மாவுப்பூச்சி வாழ்கிறது என்றால், ஆன்டிபயாட்டிக் தெளித்துக் கொன்றுவிடலாமே? ஒருவர் அப்படி யோசனை சொன்னார். (விவசாயி, நாமக்கல்)

பதில்: செய்யாதீர்கள். ஆய்வகத்தில் ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பாக்டீரியாவை அழித்த அசுவினி குள்ளமாகி மலடாவது உண்மைதான். ஆனால் அங்கே மருந்தை உணவில் கலந்து, அளந்து கொடுக்கிறார்கள். வயலில் தெளிப்பது மாவுப்பூச்சியின் மெழுகில் பட்டு வழிந்துவிடும், புளோயத்துக்குள் போய்ச் சேராது. மண்ணிலும் மனிதரிடத்திலும் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாவதுதான் மிச்சம். நாளை நம் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அந்த மருந்து வேலை செய்ய வேண்டும்.

மாவுப்பூச்சிக்குள் இருக்கும் ஏற்பாடு வியப்பானது. எலுமிச்சை மாவுப்பூச்சியில் ட்ரெம்ப்ளயா என்ற பாக்டீரியா இருக்கிறது, அந்தப் பாக்டீரியாவின் வயிற்றுக்குள்ளேயே மொரனெல்லா என்ற இன்னொரு பாக்டீரியா. ஒரு அமினோ அமிலத்தை உருவாக்கும் படிகளில் சிலவற்றை ஒன்று செய்கிறது, சிலவற்றை மற்றது, இன்னும் சிலவற்றைப் பூச்சியே செய்கிறது. மூன்றில் எது இல்லாவிட்டாலும் வேலை நின்றுவிடும்.

மாவுப்பூச்சிக்கு நம் மாநிலத்தில் நிரூபணமான வழி ஒட்டுண்ணிக் குளவி. 2008இல் கோவையில் தெரிந்த பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரி, மரவள்ளி, காட்டாமணக்கு என்று பரவி அழித்தது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே உள்ளிட்ட குளவிகளைக் கொண்டுவந்து விட்டபின் அடங்கியது. உங்கள் பக்கத்து மரவள்ளியில் 2020க்குப் பிறகு வந்தது வேறு இனம், நுனி இலைகளைக் குட்டையாக்கிக் கொத்தாக்கும். அதற்கு அனகைரஸ் லோபெசி என்ற குளவி. ஆப்பிரிக்காவில் 1981 முதல் மரவள்ளியைக் காப்பாற்றிய அதே குளவியை பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து 2022இல் சேலம் மாவட்டத்தில் விட்டார்கள். கொத்தான நுனியைக் கிள்ளும்போது பார்த்துக் கிள்ளுங்கள். பழுப்பு நிறத்தில் உப்பிய, இறுகிய மாவுப்பூச்சி இருந்தால் அதில் குளவி இருக்கிறது, வயலிலேயே ஓரமாகப் போடுங்கள். விதைக்கரணையைப் பூச்சி இல்லாத வயலிலிருந்து மட்டும் எடுங்கள். இந்தப் பூச்சி மாவட்டம் விட்டு மாவட்டம் போவது கரணை ஏற்றும் வண்டியில்தான். குளவி இல்லாத நிலையில் தெளித்தே ஆகவேண்டுமானால் மீன் எண்ணெய் ரோசின் சோப்பு லிட்டருக்கு 25 கிராம். அது மெழுகு மூடாத இளம் பூச்சிகளைத்தான் கொல்லும், முட்டைப் பையை ஒன்றும் செய்யாது. அதனால் பொரித்து வருபவற்றுக்கு மறுபடி தெளிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: புகையானுக்குள்ளும் பாக்டீரியாதானா? மருந்தடிக்க அடிக்க ஏன் கூடுகிறது? (விவசாயி, மன்னார்குடி)

பதில்: நெற்பயிரின் சாறு குடிக்கும் புகையானில் முக்கிய வேலையாள் பாக்டீரியா அல்ல, ஈஸ்ட் போன்ற ஒரு பூஞ்சை. கொழுப்புத் திசுவில் வாழ்கிறது, முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகிறது. பூச்சி கழிவாகச் சேர்க்கும் யூரிக் அமிலத்தை உடைத்து, அதிலுள்ள தழைச்சத்தை மீண்டும் பூச்சிக்கே தருகிறது. தழைச்சத்துக்கு இவ்வளவு ஏங்கும் பூச்சி இருக்கும் வயலில் யூரியாவை அள்ளிப் போட்டால் என்னாகும்? சாற்றில் அமினோ அமிலம் ஏறும், முட்டை எண்ணிக்கையும் ஏறும். யூரியாவைப் பிரித்துப் போடுங்கள், இலை வண்ண அட்டை பார்த்துப் போடுங்கள்.

மருந்தடித்தபின் கூடுவதற்குக் காரணம், செயற்கைப் பைரித்ராய்டு போன்ற மருந்துகள் சிலந்தியையும், புகையான் முட்டையைக் குத்திக் குடிக்கும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியையும் கொன்றுவிடுவது. புகையான் முட்டையோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்கிறது. நடும்போதே 2.5 மீட்டருக்கு ஒரு முறை 30 செ.மீ. இடைவெளி (பட்டம்) விடுங்கள். தூரைத் தட்டி எண்ணுங்கள். தூர்க்கட்டைக்கு ஒரு சிலந்தி இருந்தால், ஒரு தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். சிலந்தி இல்லையென்றால் ஒன்றுதான் எல்லை. தண்ணீரை வடித்து மூன்று நான்கு நாள் காயவிடுங்கள். எதைத் தெளித்தாலும் அடித்தூரில் படவேண்டும், மேல் இலையில் அடிப்பது வீண்.

கேள்வி: எலுமிச்சை நாற்றங்கால் பக்கத்தில் கறிவேப்பிலை வைக்கலாமா? (வாசகர், காரமடை)

பதில்: வைக்காதீர்கள். கறிவேப்பிலைக் கொழுந்தில் உடம்பை 45 டிகிரி சாய்த்து, பின்பக்கத்தைத் தூக்கி உட்கார்ந்திருக்கும் எள்ளளவுப் பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். ஆசிய சிட்ரஸ் சில்லிட். குஞ்சுகள் தட்டையாக மஞ்சளாக, வெண்மெழுகு நூல் இழுத்துக்கொண்டிருக்கும். எலுமிச்சை வகைகளில் பசுமையாதல் நோய்க் கிருமியைப் பரப்புவது இதுதான். கறிவேப்பிலை அந்த நோயால் பெரிதாகப் பாதிக்கப்படாமல் பூச்சியை மட்டும் வளர்த்துவிடும். இந்தச் சில்லிடுக்குள் இரண்டு பாக்டீரியாக்கள்: கார்சோனெல்லா அமினோ அமிலம் செய்கிறது, புரோஃப்டெல்லா என்பது டயஃபோரின் என்ற நச்சைச் செய்து பூச்சிக்குக் காவல் நிற்கிறது. இரண்டுமே பயிருக்கு நோய் தருபவை அல்ல, நோய்க் கிருமி வேறு. கொழுந்து வெடிக்கும் காலத்தில்தான் முட்டையிடும் என்பதால், கறிவேப்பிலையை ஒரே சமயத்தில் அறுத்துக் கொழுந்தை ஒன்றாக வரவிடுங்கள், கண்காணிப்பது எளிது.

கேள்வி: துவரையில் காய் உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி ஒரே மருந்துக்கு இரண்டு மூன்று வருடத்தில் அடங்காமல் போகிறது. இதிலும் பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டா? (விவசாயி, விருதுநகர்)

பதில்: உண்டு என்று 2012இல் ஜப்பானில் காட்டினார்கள். ரிப்டார்டஸ் என்ற நாவாய்ப்பூச்சி, அசுவினிபோல் தாயிடமிருந்து பாக்டீரியாவை வாங்குவதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் இரண்டாம் பருவக் குஞ்சாக இருக்கும்போது மண்ணிலிருந்து பர்கோல்டேரியா என்ற பாக்டீரியாவைப் புதிதாக எடுத்துக் குடலில் வைத்துக்கொள்கிறது. ஃபெனிட்ரோதியான் மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்த மண்ணில், அந்த மருந்தைத் தின்று வாழும் பர்கோல்டேரியா பெருகிவிடுகிறது. அதை எடுத்துக்கொண்ட பூச்சிக்கு மருந்து ஏறவில்லை. பூச்சி மாறவேயில்லை, மண்தான் மாறியது.

பாக்டீரியா சம்பந்தப்படாமல் பூச்சியே எதிர்ப்பு வளர்ப்பதும் உண்டு. எதுவானாலும் தீர்வு ஒன்றுதான். ஒரே வேதிக் குடும்பத்து மருந்தை அடுத்தடுத்து அடிக்காதீர்கள், பூ, பிஞ்சுப் பருவத்தில் எண்ணிப் பார்த்தபிறகே அடியுங்கள். காலையில் பூச்சி மந்தமாக இருக்கும்போது எண்ணெயும் தண்ணீரும் விட்ட பாத்திரத்தில் தட்டி விழவைப்பது சிறு பரப்புக்குப் போதும்.

மொச்சை, அவரைத் தண்டில் கொத்தாக ஒட்டும் பயறளவு உருண்டை நாற்றப்பூச்சி, அதாவது மெகாகோப்டா, வேறு வழி வைத்திருக்கிறது. முட்டைகளை இரண்டு வரிசையாக இட்டு, அவற்றின் அடியில் பழுப்புநிறப் பொட்டலங்களை வைக்கிறது. ஒவ்வொன்றிலும் பாக்டீரியா நிரம்பியிருக்கும். பொரித்த குஞ்சு முதலில் உறிஞ்சுவது செடியை அல்ல, அந்தப் பொட்டலத்தை. பொட்டலத்தை எடுத்துவிட்டால் குஞ்சுகள் ஓரிடத்தில் நிற்காமல் தேடி அலையும், சரியாக வளராது. இலையடியிலும் குருத்திலும் அந்த இரட்டை வரிசையைக் கண்டால் இலையோடு கிள்ளி நசுக்கிவிடுங்கள்.

கேள்வி: அசுவினி ஒட்டிய கீரையைத் தெரியாமல் தின்றால் அந்தப் பாக்டீரியா நமக்கு நோய் தருமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: தராது. பூச்சியின் செல்லைவிட்டு வெளியே வந்தால் அது பிழைப்பதே இல்லை. உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் கீரையை அமிழ்த்தி, இரண்டு முறை அலசுங்கள். மருந்தடித்த கீரையா என்பதை மட்டும் கேட்டு வாங்குங்கள்.